கல் வைத்த செருப்பும் ஏழு வாளிகளும்

மாக்ரெட் தன் வீட்டுக்குள் கட்டுவித்த புதுக் குளியலறையில் எல்லாம் இருந்தது. சுவருக்கு நீல டைல்ஸ் இருந்தது. கை கழுவப் பேசின் இருந்தது. முகம் பார்க்கக் கண்ணாடி இருந்தது. பொலித்தீன் உறை கழற்றாத வெள்ளைக் கொமட் ஒன்று புது மாப்பிள்ளை மாதிரி நடுவில் உட்கார்ந்திருந்தது. கொமட்டிலிருந்து வெளியே போகவேண்டிய குழாய்க்குத்தான் போக இடம் இல்லை.

குழாய் சுவர் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ரோட்டை வெட்டிப் பெரிய கழிவுநீர்க் கானோடு சேர்க்க வேண்டும். ரோட்டை வெட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதம் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். நாலு மாதமாக அது வந்துகொண்டே இருந்தது. டைல்ஸ் பதித்த தம்பி மெல்ரோய், கடிதம் கைக்கு வந்த மறுநாளே குழாயை இறக்கிவிடுவதாகச் சத்தியம் பண்ணியிருந்தான். அதுவரைக்கும் அந்த அறையில் மாக்ரெட் வெங்காயக் கூடையை வைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் செய்தி வந்தது.

மாப்பிள்ளை வினோதனும் மாக்ரெட்டின் ஒரே மகள் நதீஷாவும் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் ஒன்றாக வேலை செய்கிறவர்கள். அவர்கள் சைவம், இவர்கள் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அதுதான் பெரிய மலையாக நிற்கும் என்று மாக்ரெட் பயந்திருந்தாள். வினோதன் ஆறு மாதம் வீட்டில் கதைத்துக் கதைத்தே அந்த மலையைக் கரைத்துவிட்டான். இனி மிச்சம் ஒன்றுதான். பெண் வீட்டை ஒருதரம் வந்து பார்த்துவிட்டு முடிவைச் சொல்வதாக அவனுடைய தாய் கனகேஸ்வரி சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த "வந்து பார்த்துவிட்டு" தான் மாக்ரெட்டின் நித்திரையைக் குழப்பியது. ஏனென்று கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் கிருலப்பனையிலிருந்து நதீஷாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல பிள்ளை, நல்ல வேலை. பையனின் பெரியம்மா சிரித்துச் சிரித்துக் கதைத்தார், கேக் தின்றார். பிறகு சந்துக்குள், ஒழுங்கைக் கடைசி வரைக்கும் நடந்து, வாளிகள் வரிசையாக நிற்பதைக் கண்டார். இதென்ன என்று கேட்டார். சொன்னார்கள். ஏறி வந்த வானுக்குள் ஃபோனை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி எடுக்கப் போனார். அந்தப் பெரியம்மா இன்றைக்கும் ஃபோன் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மாக்ரெட் இருப்பது கொட்டாஞ்சேனையில், எட்டு வீடுள்ள ஒரு சின்னத் தோட்டத்தில். தோட்டம் என்றதும் பூவையும் காயையும் நினைத்துவிட வேண்டாம். கொழும்பில் ஒரு ஒழுங்கையும் அதன் இரண்டு பக்கமும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற வீடுகளும் சேர்ந்தால் அது தோட்டம். ஒழுங்கை வாசலில் முதல் வீடு மாக்ரெட்டினுடையது. ஒழுங்கை உள்ளே போய் ஒரு வளைவு வளையும். வளைவுக்கு அங்கால்தான் கக்கூஸ். முன்பு இரண்டு இருந்தன. ஒன்று இடிந்து, இப்போது அதில் விளக்குமாறுகள் குடியிருக்கின்றன. எட்டு வீட்டுக்கும் மிச்சம் ஒன்று.

எட்டு வீட்டுக்கு ஒன்று என்றால் சண்டை வரும் என்று நினைப்பீர்கள். வராது. தோட்டத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்கு ஒரு வாளி, ஒவ்வொன்றும் ஒரு நிறம். காலையில் வாளியைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு நீங்கள் வந்து தேத்தண்ணி குடிக்கலாம், தலை சீவலாம். வாளிதான் ஆள். இன்னொருவரின் வாளியை இடம் மாற்றுகிறவர் அந்தத் தோட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்தது செருப்பு. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வாசலில் செருப்புக் கிடந்தால் உள்ளே ஆள். கிடக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சட்டம்.

தாழ்ப்பாள் இல்லாமல் போனதற்குக் காரணம் ஒஸ்வால்ட் அங்கிள். ஹார்பரில் கிரேன் ஓட்டியவர், இப்போது எழுபத்தெட்டு வயது. தொண்ணூற்றாறாம் ஆண்டு, நாடு உலகக் கிண்ணத்தின் கடைசி மட்ச் ஆடிய நாளில் தோட்டம் முழுக்க, இடியப்பம் அவித்து விற்கிற சீனியம்மா வீட்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. யாரும் எழும்பவில்லை. எழும்பினால் விக்கெட் விழும் என்று ஒரு பயம். ஒஸ்வால்டும் அடக்கி அடக்கிப் பார்த்தார். வெற்றிக்குக் கொஞ்ச ஓட்டமே இருக்கையில் இனி ஏலாது என்று ஓடினார். அவர் உள்ளே இருக்கும்போது கடைசி ஓட்டம் எடுபட்டது, கொட்டாஞ்சேனை முழுக்கப் பட்டாசு. சந்தோசத்தில் அவருக்குத் தாழ்ப்பாளை இழுக்க மறந்துபோயிற்று. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தாழ்ப்பாளும் கூட வந்தது. நாடு கிண்ணத்தை எடுத்தது, தோட்டம் தாழ்ப்பாளை இழந்தது. அன்றிலிருந்து செருப்புச் சட்டம்.

நதீஷாவுக்கு இதிலெல்லாம் வெட்கம் இல்லை. வினோதனிடம் அவள் எப்போதோ சொல்லிவிட்டாள். பெற்றோரிடமும் சொல்லிவிடுவோம் என்று தாயைக் கேட்டாள்.

"அவங்களும் மனுசர் தானேம்மா. கக்கூஸ் வெளிய இருக்குண்டு சொன்னா என்ன குறைஞ்சிரும்?"

"அவங்க மாடி பிளட் வீட்டுல மூணு பாத்ரூம். ஆளுக்கு ஒண்டு. அதில இருந்து வார மனுசிக்கிட்ட நான் வாளி வரிசையக் காட்டவா? கலியாணம் முடியட்டும், நீயே சொல்லு."

மாக்ரெட் திட்டம் போட்டாள். சனிக்கிழமை வீடு வீடாகப் போய், ஞாயிறு பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒருவரும் வாளியோடு ஒழுங்கைக்கு வரவேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள் என்று கெஞ்சிக் கேட்டாள். நதீஷா அந்தத் தோட்டத்துப் பிள்ளை. எல்லாரும் சம்மதித்தார்கள். சீனியம்மா மட்டும் சிரித்தாள்.

"நம்ம புள்ளைக்காக ரெண்டு மணித்தியாலம் அடக்க மாட்டமா? ஆனா ஒஸ்வால்ட் அண்ணன்கிட்ட நல்லாச் சொல்லி வையி புள்ள. அவரு வயிறு அஞ்சு மணிக்கு மணியடிக்கும்."

ஒஸ்வால்டிடமும் சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்து, ஆறு மணி வரைக்கும் ஹார்பர் கதவு பூட்டு என்று வாக்குக் கொடுத்தார்.

திட்டத்தின் இரண்டாவது பகுதி சாப்பாடு. வருகிறவர்கள் குடித்தால்தானே போகவேண்டி வரும் என்று மாக்ரெட் கணக்குப் போட்டாள். இளநீர் இல்லை, சோடா இல்லை. சின்னக் கோப்பையில் ஒரே ஒரு தேத்தண்ணி. மற்றதெல்லாம் காய்ந்த பண்டம். மீன் ரோல்ஸ், மில்க் டொபி, லவ் கேக். ரோல்ஸுக்கு மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. பதற்றத்தில் அவள் ருசி பார்க்கவில்லை.

நாலு மணிக்குத் தோட்டம் அடங்கியது. மற்ற ஏழு வீட்டுக் கதவும் சாத்தி, ஒழுங்கை பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி கிடந்தது. நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. மாப்பிள்ளை வீட்டாரைக் காணவில்லை. அவர்களுடைய வான் சாரதி நெரிசலுக்குப் பயந்து, சுற்றி ஒருகொடவத்தைச் சந்திப் பக்கமாக விட்டு, அங்கே கொன்டெய்னர் லொறிகளுக்கு நடுவில் ஒரு மணித்தியாலம் மாட்டிக்கொண்டிருந்தான். ஐந்தேகாலுக்குத்தான் வந்து இறங்கினார்கள்.

முதலில் தகப்பன் இராசரத்தினம் இறங்கினார். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், மெலிந்த உருவம், சிரித்த முகம். பிறகு வினோதன். கடைசியாகக் கனகேஸ்வரி. அரக்கு நிறச் சேலை, நிமிர்ந்த கழுத்து. அவருடைய செருப்பை மாக்ரெட் முதலில் கண்டாள். பொன் நிற வாரில் வெள்ளைக் கல் வரிசை வைத்த செருப்பு. அதைக் கழற்றிப் படியில் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். இந்தக் காலுக்கு நம்முடைய ஒழுங்கையா என்று நினைத்துக்கொண்டு மாக்ரெட் கதிரைகளைக் காட்டினாள்.

முதல் பத்து நிமிடம் வெயிலைப் பற்றியும் லொறிகளைப் பற்றியும் போயிற்று. இராசரத்தினத்துக்கு ரோல்ஸ் பிடித்துவிட்டது. மூன்று எடுத்தார். கனகேஸ்வரி ஒன்றைக் கடித்தார், கண் கலங்கியது, தண்ணீர் கேட்டார். நதீஷா கொடுத்தாள். கேக் நெஞ்சில் அடைத்தது, இன்னொரு தண்ணீர். டொபிக்குப் பிறகு இன்னொன்று. மாக்ரெட் அந்தக் கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பின்தொடர்ந்தாள். மூன்றாவது கிளாஸோடு அவளுக்குத் தன் திட்டம் எங்கே பிழைத்தது என்று விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

கனகேஸ்வரி மெல்ல எழும்பி அவள் காதோரம் வந்தார். ஒரு மணித்தியாலம் வானுக்குள் இருந்தது, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மாக்ரெட்டின் கை தானாகவே நீல டைல்ஸ் அறைப் பக்கம் நீண்டது. பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. தண்ணி இல்லை என்றாள்.

"பரவாயில்லை, ஒரு வாளி தந்தியளெண்டாப் போதும்" என்று கனகேஸ்வரி கதவைத் திறந்தார்.

வெங்காயக் கூடையை மறைத்து வைத்தாயிற்று. கண்ணாடி பளபளத்தது. பார்த்தால் வெள்ளவத்தைப் பிளட் தோற்கும். இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் மாக்ரெட்டுக்குத் தோன்றியது. உள்ளே போவார், கதவைச் சாத்துவார், பிறகு நடக்கிறதை மெல்ரோய் பார்த்துக்கொள்வான். தட்டோடு நின்ற நதீஷா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனகேஸ்வரி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"நில்லுங்கக்கா" என்றாள் மாக்ரெட். "அதுக்குப் பைப் இல்ல. செவரோட நிக்குது. நாங்க போறது வெளிய. எட்டு வீட்டுக்கும் ஒண்டுதான்."

கனகேஸ்வரி பொலித்தீன் சுற்றிய கொமட்டைப் பார்த்தார். மாக்ரெட்டைப் பார்த்தார். மாக்ரெட், இனி ஃபோன் வானுக்குள் என்று சொல்லப்போகிறார் என்று காத்து நின்றாள்.

"தூரமோ?" என்று கேட்டார் கனகேஸ்வரி.

"வளைவுக்கு அங்கால."

"அப்ப கெதியா நடவுங்கோ."

கனகேஸ்வரி படியில் தன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒழுங்கையில் ஒரு குருவி இல்லை. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் தோட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாக்ரெட்டுக்கு மட்டும் தெரியும். கக்கூஸ் வாசலில், நிலம் ஈரம், கல் வைத்த செருப்பு வழுக்கும் என்று சொல்லி, தன் காலில் கிடந்த இறப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். கனகேஸ்வரி தன் செருப்பை வாசலில் சோடியாக வைத்துவிட்டு இறப்பர் செருப்போடு உள்ளே போனார். மாக்ரெட் வெறுங்காலோடு வெளியே நின்று, தாழ்ப்பாள் இல்லை, தான் காவல் நிற்பதாகச் சொன்னாள்.

பிறகு தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நிக்கிறியளோ?"

"நிக்கிறேன்க்கா."

"கதைச்சுக்கொண்டு நில்லுங்கோ. தாழ்ப்பாள் இல்லாத கதவெண்டா எனக்கு ஆராவது கதைக்க வேணும். பழக்கம் அப்பிடி."

மூன்று பாத்ரூம்காரிக்கு இதென்ன பழக்கம் என்று மாக்ரெட்டுக்கு விளங்கவில்லை. வாளி வரிசையைச் சொன்னாள். ஒஸ்வால்ட் தாழ்ப்பாளோடு வந்த கதையைச் சொன்னாள். உள்ளே கனகேஸ்வரி சிரிக்கிற சத்தம் தகரத்தில் பட்டு அதிர்ந்தது. பிறகு அவர் சொல்லத் தொடங்கினார்.

அதே தொண்ணூற்றாறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின் அறையில் மூன்று குடும்பம், பதினாலு பேர். வினோதனுக்கு மூன்று வயது. கடற்கரைப் பக்கத்து வீடு அது. அந்த நாளில் மதிலுக்கு அங்கால் ரயில் தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். கக்கூஸை மதிலோடு ஒட்டிக் கட்டி, கதவைத் தண்டவாளப் பக்கம் பார்க்க வைத்திருந்தார்கள். மதில் அந்த இடத்தில் உடைந்து கிடந்தது. கதவுக்கு ஒரு கொளுக்கி. ரயில் போனால் நிலம் அதிரும், அதிர்ந்தால் கொளுக்கி கழலும், கழன்றால் கதவு தானாகத் திறக்கும். பதினாலு பேருக்கும் ரயில் நேர அட்டவணை பாடம். அவசரமாக உள்ளே போகிறவருக்காக ஒருவர் வெளியே நின்று கதைத்துக்கொண்டே கதவைப் பிடிக்க வேண்டும்.

"ஒரு நாள் பிடிக்க ஆளில்லை. ஏழு இருபது றெயின் போயிட்டுது எண்டு நினைச்சு உள்ளுக்கப் போனன். அண்டைக்கு அது பிந்தி வந்தது. வந்ததும் சும்மா போகேல்லை. சிக்னல் விழாம எங்கட கதவுக்கு நேர நிண்டுட்டுது. கதவு ஆவெண்டு திறந்து போச்சு. ஒரு றெயின் நிறைஞ்ச கந்தோர்ச் சனம், புட்போட்டில தொங்கிக்கொண்டு."

"ஐயோ, என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யிறது? எழும்பவும் ஏலாது. கதவு எட்டவும் எட்டாது. பக்கத்தில பச்சை வாளி. எடுத்துத் தலையில கவிட்டுக்கொண்டு இருந்திட்டன்."

மாக்ரெட் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"முகம் தெரிஞ்சாத்தானே ஆரெண்டு தெரியும்" என்றது குரல், கொஞ்சமும் பதறாமல். "மிச்சம் எல்லாருக்கும் ஒண்டுதானே. றெயின் போய்ச் சேர அஞ்சு நிமிசம். வாளிக்குள்ள நான் தேவாரம் சொன்னனான்."

அதோடு முடியவில்லை. அன்று பின்னேரம் இராசரத்தினம் வங்கிக் கந்தோரால் வந்து, தான் போன ரயிலில் கண்ட புதினம் என்று ஒன்றைச் சொன்னாராம். ஒரு மனிசி, தலையில் பச்சை வாளி. தண்டவாளப் பக்கமிருந்து பார்த்தால் எல்லா மதிலும் ஒன்று போலத்தானே, அவருக்குத் தன் வீடு பிடிபடவில்லை. கனகேஸ்வரி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விடிந்ததும் அந்த வாளியைக் கொடுத்துச் சிவப்பு வாளி மாற்றிவிட்டார்.

"இண்டைக்கு வரைக்கும் உவருக்குத் தெரியாது. வினோதனுக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."

கதவு திறந்தது. கனகேஸ்வரி சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சிரித்ததை நான் எழுதி முடிக்க ஏலாது. கண்ணைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்கள். மாக்ரெட் வெறுங்கால். கனகேஸ்வரி இறப்பர் செருப்பு. கல் வைத்த செருப்பு கக்கூஸ் வாசலில் சோடியாக, பளபளவென்று, கிடந்த இடத்திலேயே கிடந்தது.

வீட்டுக்குள் வந்ததும் இராசரத்தினம், இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று கேட்டார். வெளிக் கக்கூஸுக்குத்தான், நல்ல துப்புரவு என்று கனகேஸ்வரி நேராகவே சொன்னார். நதீஷா தாயைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தாள். இராசரத்தினத்தின் முகம் மட்டும் மலர்ந்தது. வெளிக் கக்கூஸ் என்றதும் தனக்கு ஒரு ஞாபகம் வருகிறது என்று கதிரையை முன்னால் இழுத்தார்.

மாக்ரெட்டுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. அவசரமாகக் கேக் தட்டை நீட்டினாள். அவர் கேக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே, தொண்ணூற்றாறில் ஒரு நாள் ரயில் சிக்னலில் நின்றதிலிருந்து தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னார். புட்போட்டில் தொங்கியவர்கள் எத்தனை பேர், யார் முதலில் கண்டது, எல்லாம் சொன்னார்.

"என்ன புத்தி பாருங்கோ அந்த மனிசிக்கு. நான் எண்டா கையால அங்கயும் இங்கயும் மறைச்சு மானம் கெட்டிருப்பன். அவ அசையேல்லை. ராணி மாதிரி இருந்தவ. றெயின் முழுக்க அவவைத்தான் புகழ்ந்தது. ஆர் பெத்த பிள்ளையோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

"கேக்கைச் சாப்பிடுங்கோ" என்றார் கனகேஸ்வரி. அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. மாக்ரெட் தேத்தண்ணிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு குசினிக்கு ஓடி, கோதுமை மாப்பேணிக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். திரும்பி வரும்போது மூக்கு நுனியில் மா இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

கோயில் மணி ஆறு அடித்தது. பேச்சு அப்படியும் இப்படியும் போனது. நதீஷாவின் வேலை, வினோதனின் சின்ன வயதுக் குழப்படி, வெள்ளவத்தையில் மீன் விலை. முடிவை மட்டும் யாரும் வாயால் சொல்லவில்லை. மாக்ரெட்டின் மனம் திரும்பவும் இறங்கத் தொடங்கியது. சிரித்ததெல்லாம் சரி. கிருலப்பனைப் பெரியம்மாவும் சிரித்தவர்தானே. சிரிப்பு வேறு, பெண் எடுப்பது வேறு. ஆறே முக்காலுக்கு இராசரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார், எழும்பினார்கள். போயிட்டு வாறம் என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வாசலில் வந்து கனகேஸ்வரி குனிந்து பார்த்தார். செருப்பைக் காணவில்லை.

படியில் இராசரத்தினத்தின் செருப்பு இருந்தது, வினோதனின் சப்பாத்து இருந்தது, மாக்ரெட்டின் இறப்பர் செருப்பு இருந்தது. கல் வைத்த செருப்பு இல்லை. மாக்ரெட் படியை இன்னொரு தரம் பார்த்தாள். கக்கூஸைப் பொறுத்தாலும் பொறுப்பார்கள். கள்ளர் இருக்கிற தோட்டம் என்று ஒரு பெயர் வந்துவிட்டால்? நதீஷா படிக்குக் கீழே தேடினாள், வினோதன் ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தான். அப்போதுதான் மாக்ரெட்டுக்குத் தன் வெறுங்கால் ஞாபகம் வந்தது.

"கடவுளே" என்று சொல்லிக்கொண்டு ஒழுங்கைக்குள் ஓடினாள். கனகேஸ்வரி இறப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அவர் பின்னால் மற்ற எல்லாரும்.

வளைவு தாண்டியதும் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

தோட்டம் முழுக்க அங்கே நின்றது. ஏழு வீட்டு வாளிகளும் வரிசையாக. ஒவ்வொரு வாளிக்குப் பின்னாலும் ஒரு வீட்டார். ஆறு மணி அடித்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்கள், வாசலில் கல் வைத்த செருப்பைக் கண்டு அப்படியே நின்றுபோனார்கள். முக்கால் மணித்தியாலமாக ஒரு சத்தம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. பிள்ளைகள் கூடக் காலை ஒட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால், கவிழ்த்த வாளியின் மேல் ஒஸ்வால்ட், கையில் செபமாலை, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. பக்கத்தில் சீனியம்மா ஒரு கோப்பையில் கொத்தமல்லித் தண்ணீர் வைத்துக்கொண்டு, மூடிய கதவைக் கவலையோடு பார்த்தபடி நின்றாள்.

கனகேஸ்வரி மெல்லப் போய் ஒஸ்வால்டின் தோள் பக்கம் குனிந்தார்.

"ஆர் உள்ளுக்க?"

ஒஸ்வால்ட் திரும்பவில்லை. திரும்புகிற நிலையில் இல்லை. கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

"மெதுவாப் பேசுங்க. மாப்பிள்ளைட அம்மா. ஆறு மணிக்கு முந்தியே போனவங்க, இன்னும் வரல்ல. பாவம், வயித்துக்கு என்னமோ. ஒருத்தரும் தட்டப்படாது. நம்ம புள்ளைட விசயம்."

"மாக்ரெட்டு ரோல்ஸுல என்னத்தப் போட்டாளோ" என்றாள் சீனியம்மா.

கனகேஸ்வரி அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் நின்ற சின்னப் பிள்ளை வரைக்கும் பார்த்தார். பிறகு முன்னால் போய்க் கக்கூஸ் கதவைத் தள்ளித் திறந்து காட்டினார். உள்ளே ஒருவரும் இல்லை.

"மாப்பிள்ளையின்ர அம்மா நான்தான்" என்றார். "நான் வெளியில வந்து ஒரு மணித்தியாலமாச்சு. செருப்பை எடுக்க மறந்திட்டன். நீங்கள் முதல் போங்கோ ஐயா."

ஒஸ்வால்ட் மரியாதைக்காக ஒரு தரம் எழும்பி வணக்கம் சொல்ல முயன்றார். பாதி வணக்கத்தில் கதவுக்குள் மறைந்தார். தன் செருப்பைக் கழற்றிக் கல் வைத்த செருப்புக்குப் பக்கத்தில் போட அந்த அவசரத்திலும் மறக்கவில்லை. தோட்டம் முழுக்கப் பெருமூச்சு விட்டது. பிறகு யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரிக்க, முக்கால் மணித்தியாலமாக அடக்கியதெல்லாம் சிரிப்பாக வெடித்தது. கனகேஸ்வரிக்கு நிற்க முடியவில்லை. ஒஸ்வால்ட் விட்டுப்போன கவிழ்த்த வாளியில், அரக்குச் சேலையோடு, அப்படியே உட்கார்ந்தார். சீனியம்மா கொத்தமல்லித் தண்ணீரை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

மாக்ரெட் தலை குனிந்து நின்றாள். இவர்களை அடைத்து வைத்தது தான்தான், குற்றமெல்லாம் தன்னுடையது, குளியலறை முடிந்த பிறகு கலியாணத்தைப் பற்றி யோசிக்கலாம், கடிதம் எப்படியும் வந்துவிடும் என்று ஏதேதோ சொல்லத் தொடங்கினாள்.

கனகேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடிதம் வாறதுக்கிடையில எனக்கு எழுபது வயசாயிடும். உங்கட சேர்ச்சில கேட்டு ஒரு நல்ல தேதி சொல்லுங்கோ, சம்பந்தி. எங்கட வீட்டுக்கு ஒரு பெண் வரேக்க அவளுக்காக இவ்வளவு சனம் அடக்கிக்கொண்டு நிண்டது எண்டு நான் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லவேணும்."

சம்பந்தி என்ற சொல் மாக்ரெட்டின் காதில் விழுந்து, உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. சேர்ந்ததும் அவள் அழுதாள். நதீஷா வந்து தாயைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. ஆனாலும், முதலே சொல்லியிருக்கலாம் தானே என்று காதுக்குள் சொல்லிவிட்டுத்தான் விட்டாள். வினோதன் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குப் பையிலிருந்த டொபியைப் பங்கு வைத்தான். உள்ளேயிருந்து ஒஸ்வால்ட், என்ன நடந்தது, யாராவது சொல்லுங்கள் என்று கேட்டார். இந்த முறையும் நல்ல செய்தி வரும்போது அவர் உள்ளேதான் இருந்தார். நல்ல வேளை, கழற்றிக்கொண்டு வரத் தாழ்ப்பாள் இல்லை.

எல்லாரும் திரும்பும்போது இராசரத்தினம் மட்டும் பின்தங்கினார். வரிசையில் இரண்டாவதாக நின்ற வாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது சீனியம்மாவின் வாளி. நல்ல கிளிப்பச்சை.

"இஞ்ச பாரும் கனகேஸ், உப்பிடி ஒரு வாளிதான் அண்டைக்கு அந்த மனிசியின்ர தலையில" என்றார். "அச்சொட்டா உதே பச்சை."

இரண்டு சம்பந்திமாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், கையைக் கோத்துக்கொண்டு, வேகமாக நடந்தார்கள்.